இரவு படுக்கும் முன் என்ன குடிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள அளவுகள் எல்லாம் பெரியவர் ஒருவருக்கு, ஒரு வேளைக்கு. டீஸ்பூன் என்று வரும் இடங்களில் 5 மி.லி. அளவுக் கரண்டியில் தலை தட்டி எடுத்தது என்று கொள்ளுங்கள். சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டி இதைவிடச் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கும். ஜாதிக்காய் போன்ற பொருளில் அந்த வித்தியாசமே பெரிது.

தூக்கம் வர எந்தப் பானம் சிறந்தது?

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது எது என்று முதலில் பாருங்கள். அது தெரிந்தால் என்ன குடிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

ஏழு மணிக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் படுப்பவருக்கு வயிறு கிள்ளும். அவருக்குப் பால்தான் சரி. பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு வயிறு கனத்துக் கிடப்பவர் பால் குடித்தால் உப்புசம் கூடும். அவருக்குச் சீரகமோ சோம்போ போட்ட வெந்நீர் போதும். படுத்ததும் தொண்டை கரகரத்து இருமல் வருகிறதா, மிளகு சேர்த்த மஞ்சள் பால். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா, எந்தப் பானமானாலும் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம்.

வயிறும் தொண்டையும் நன்றாக இருந்து மனம் மட்டும் அடங்கவில்லை என்றால், கெமோமில் என்ற உலர்ந்த பூவில் போடும் தேநீரோ, துளி ஜாதிக்காய் சேர்த்த பாலோ குடித்துப் பார்க்கலாம். இங்கே பானத்தின் பங்கு சிறியது. போனைத் தள்ளி வைத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, ஓரிடத்தில் உட்கார்ந்து மெல்லக் குடிக்கிற அந்தப் பத்து நிமிடமும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. டிவி பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பலன் இல்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

எத்தனை மணிக்கு, எவ்வளவு குடிக்க வேண்டும்?

படுப்பதற்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் முன்பு, 150 மி.லி. பத்தரைக்குப் படுப்பவர் ஒன்பது, ஒன்பதரைக்குள் குடித்து முடித்து, படுக்கப் போகும்போது ஒரு முறை சிறுநீர் கழித்துவிட்டால் நள்ளிரவில் எழுந்திருக்கும் தொல்லை குறையும். வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் பல 200 மி.லி.க்கு மேல் பிடிக்கும். நிறைய ஊற்றிவிடாதீர்கள்.

ப்ரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும் 100 மி.லி.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த மாத்திரையை மாலையில் போடுகிறீர்கள் என்றால், காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பார்லித் தண்ணீர், இளநீர், தர்பூசணிச் சாறு எல்லாம் பகலோடு இருக்கட்டும்.

சூடு எவ்வளவு என்பதும் முக்கியம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் வழக்கத்தை, உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தி ‘புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற பிரிவில் 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. டம்ளருக்கும் டபராவுக்குமாக நாலைந்து முறை ஆற்றி, உதட்டில் வைத்தால் சுடாத பதத்தில் குடியுங்கள்.

பாலில் தூக்கத்தைத் தரும் சத்து உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் உடல் செரட்டோனினையும், அதிலிருந்து தூக்கத்தோடு தொடர்புடைய மெலட்டோனினையும் உண்டாக்குகிறது. 200 மி.லி. பாலில் டிரிப்டோஃபான் ஏறத்தாழ 90 மில்லிகிராம் இருக்கும். பாலில் உள்ள மற்ற அமினோ அமிலங்களும் அதே வழியாக மூளைக்குள் போகப் போட்டியிடுவதால், இதில் உள்ளே சேர்வது இன்னும் குறைவு. ஒரு டம்ளர் பால் தூக்க மாத்திரை போல வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் பாட்டி காலத்திலிருந்து கொடுத்து வருவது வீணா? இல்லை. பசி அடங்குகிறது, வயிற்றுக்கு இதமாக இருக்கிறது, தினமும் ஒரே நேரத்தில் குடிப்பதால் உடல் அதைப் படுக்கும் நேரத்தின் அடையாளமாகப் பழகிக்கொள்கிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் குடிப்பவரைவிடத் தினமும் குடிப்பவருக்குப் பலன் தெரிகிறது.

எந்தப் பால் வாங்குவது?

இரவுக்குக் கொழுப்பு குறைந்தது போதும். ஆவினில் நீல பாக்கெட் (3 சதவீதக் கொழுப்பு) பெரும்பாலானவர்களுக்குச் சரி. பச்சை பாக்கெட்டில் 4.5, ஆரஞ்சில் 6 சதவீதம். கொழுப்பு கூடக்கூட வயிறு காலியாக நேரமாகும். நெஞ்செரிச்சலும் புளிப்பு எதுக்களிப்பும் உள்ளவர்கள் ஆரஞ்சு பாக்கெட் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தால் நள்ளிரவில் தொண்டை வரை ஏறும். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களும் எடை கூட வேண்டியவர்களும் பச்சை பாக்கெட் வாங்கலாம்.

மஞ்சள் பால் போட்டால் பச்சை வாசனை வருகிறது, அடியில் வண்டல் நிற்கிறது. எங்கே தவறுகிறது?

காய்ச்சி இறக்கிய பாலில் மஞ்சள் தூளைத் தூவிக் கலக்கினால் இரண்டும் நடக்கும். இப்படிச் செய்யுங்கள்: கால் டீஸ்பூன் மஞ்சள் தூளையும், ஒன்றிரண்டாக நுணுக்கிய நான்கைந்து மிளகையும் ஒரு டேபிள்ஸ்பூன் ஆறிய பாலில் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். 150 மி.லி. பாலோடு 50 மி.லி. தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். ஓரங்களில் நுரை கட்டத் தொடங்கும்போது குழைத்ததை ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் கலக்கியபடியே கொதிக்க விடுங்கள். எலுமிச்சை மஞ்சளாக இருந்த பால் சற்று ஆழ்ந்த நிறத்துக்கு மாறும், மேலே பொன் நிறத்தில் சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும், மண் வாசனை போய்விடும். அப்போது இறக்கி வடிகட்டுங்கள். சேர்த்த தண்ணீரில் பாதி இதற்குள் வற்றியிருக்கும்.

மஞ்சள் கூடினால் கசக்கும், கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகை விட்டுவிடலாம். மிளகு சேர்ப்பது காரத்துக்காக மட்டுமல்ல. மஞ்சளில் உள்ள குர்குமினை உடல் கிரகிக்க மிளகின் பைப்பரின் உதவுகிறது. ஆனாலும் கால் டீஸ்பூன் மஞ்சளில் குர்குமின் 20 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். மூட்டுவலி குணமாகும் என்றெல்லாம் நம்பிக் குடிக்க வேண்டாம். தொண்டைக்கு இதம் என்ற அளவில் அது நல்ல பானம்.

தூளில் கலப்படச் சாயம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூளைத் தூவி ஆடாமல் வையுங்கள். நல்ல தூள் வெளிர் மஞ்சளாக நீரை நிறம் மாற்றி அடியில் படியும். சாயம் கலந்தது தண்ணீரைக் கடும் மஞ்சளாக்கிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுச் சோதனையாகச் சொல்லும் முறை இது. விரலி மஞ்சள் வாங்கி அரைக்கிறவர்கள் கண்ணைப் பறிக்கும் பளபளப்பைத் தவிர்த்து, சற்று மங்கலாக இருப்பதையே எடுங்கள். காரீயம் கலந்த சாயத்தை மஞ்சள் கிழங்கின் மேல் பூசுவதும் உண்டு.

இஞ்சி போட்டாலும் வெல்லம் போட்டாலும் பால் திரிந்துவிடுகிறதே?

இரண்டுக்கும் காரணம் வேறு. பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கும் என்சைம் ஒன்று உண்டு. நசுக்கிய இஞ்சியைப் பாலில் நேராகப் போட்டுச் சூடாக்கினால் அது வேலையைக் காட்டிவிடும். இஞ்சியை முதலில் 50 மி.லி. தண்ணீரில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் என்சைம் செயலிழந்துவிடும், பிறகு பாலை ஊற்றலாம். சுக்கு என்றால் இந்தத் தொல்லை குறைவு.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் லேசான புளிப்பும் உப்புகளும் இருக்கும். கொதிக்கும் பால் அதைத் தாங்காது. தனியாகக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து, மண்ணும் நாரும் போக வடிகட்டி ஆற வைத்துக்கொள்ளுங்கள். பாலை இறக்கி, குடிக்கும் பதத்துக்கு ஆற்றியபின் கலக்குங்கள். பனங்கற்கண்டுக்கும் இதே முறைதான். அதன் கட்டிக்குள் நூலும் தூசியும் இருக்கும் என்பதால் வடிகட்டாமல் போடக் கூடாது.

ஜாதிக்காய் எவ்வளவு சேர்க்கலாம்? அதிகம் சேர்த்தால் நன்றாகத் தூக்கம் வருமா?

வராது, விபரீதம்தான் வரும். இந்தப் பக்கத்திலேயே அளவை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய பொருள் இது.

ஒரு சிட்டிகை, அதாவது அரைக்கால் டீஸ்பூனுக்கும் குறைவு. எடையில் கால் கிராம் வரும். முழு ஜாதிக்காயாக வாங்கி, சந்தனக் கல்லில் சில சொட்டுப் பால் விட்டு நாலைந்து சுற்று இழைத்தால் விரல் நுனியில் வழித்தெடுக்கும் அளவு கிடைக்கும். அது ஒரு டம்ளர் பாலுக்குப் போதும். கல் இல்லாவிட்டால் சின்னக் கண்ணுள்ள துருவியில் இரண்டு முறை தேய்த்தால் சரி. இறக்கிய பிறகே கலக்குங்கள், கொதிக்க வைத்தால் வாசனை போய்விடும். பொடியாக வாங்கினால் சில மாதங்களில் மணம் குறைந்துவிடும். மணம் இல்லையே என்று மேலும் மேலும் போடுவதிலிருந்துதான் பல தவறுகள் தொடங்குகின்றன.

ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருப்பதால், ஜாதிக்காய்ப் பொடி ஐந்து கிராம் அளவுக்கு, அதாவது இரண்டு டீஸ்பூன் அளவுக்குப் போனால் நஞ்சு. வாந்தி, படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம், இல்லாதது இருப்பதாகத் தெரிவது என்று கிளம்பும். இந்தக் குறிகள் தெரிய மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும் என்பதால், ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இடையில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் ஜாதிக்காய்ப் பாலை விட்டுவிடுவது நல்லது.

கைக்குழந்தைக்கு உரை மருந்தாக ஜாதிக்காய் இழைத்துக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். கல்லில் இழைக்கும்போது அளவு ஒருநாளைப் போல் ஒருநாள் இருக்காது. பெரியவருக்குச் சிட்டிகையாக இருப்பது, ஐந்து கிலோ எடையுள்ள உடலுக்கு அப்படி இருக்காது.

கசகசா பால்?

ஒரு டீஸ்பூன் கசகசாவை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஊறவைத்துத் தோலுரித்த ஐந்து பாதாமோடு சேர்த்து வெண்ணெய் போல அரைத்து, 150 மி.லி. பாலில் ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். அரைபடாத விதை நாக்கில் நறநறக்கும். மிக்ஸியில் இவ்வளவு கொஞ்சமாக அரைபடாது என்றால், பாதாமோடு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டுச் சின்ன ஜாரில் அரையுங்கள்.

விதைக்குள் போதைப் பொருள் கிடையாது. செடியின் பால் மேலே ஒட்டியிருப்பதால்தான் சில சமயம் மிகச் சிறிதளவு மார்ஃபின் சேர்ந்திருக்கும். கழுவச் சொல்வது அதற்காகவும்தான். வேலைக்காகச் சிறுநீர்ப் போதைப் பரிசோதனை செய்ய வேண்டியவர்கள் அந்தக் காலத்தில் கசகசாவைத் தொடாமல் இருப்பது பாதுகாப்பு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டும்போது கவனியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கசகசாவைக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம், சிங்கப்பூரிலும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மசாலா பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

பால் இல்லாமல் டீயோ க்ரீன் டீயோ குடிக்கலாமா? டிகாக்‌ஷன் குறைவாக விட்ட காபி?

க்ரீன் டீயும் தேயிலைதான், காஃபின் இருக்கிறது. ‘மூலிகை’ என்று பெரிதாக எழுதி, துளசி, இஞ்சியோடு தேயிலையையும் சேர்த்த பாக்கெட்டுகள் நிறைய உண்டு. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் டீ, க்ரீன் டீ, மேட்டே, குவாரானா ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது இரவுக்கு ஆகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் கிட்டத்தட்ட பாதி, பதினோரு மணிக்கும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த நேரம் இரண்டு மூன்று மடங்குகூட நீளும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபின், மொத்தத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததை 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காபி குடித்த கையோடு தூங்கிவிடுகிறேன் என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தூக்கம் வருவது வேறு, ஆழ்ந்து தொடர்வது வேறு.

எந்தப் புதுப் பானத்தைத் தேடுவதற்கு முன்னும், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு காபி, டீயை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நிறைய பேருக்குத் தேடல் அத்தோடு முடிந்துவிடும். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும். தினமும் அரை டம்ளராகக் குறைத்து வாருங்கள்.

பூஸ்ட், போர்ன்விட்டா, ஹார்லிக்ஸ்?

கோகோ சேர்ந்தவற்றில் சிறிதளவு காஃபினும், அதே குடும்பத்தைச் சேர்ந்த தியோப்ரோமினும் உண்டு. குழந்தைகளுக்கு மாலையிலேயே கொடுத்து முடித்துவிடுங்கள். கோகோ இல்லாத மால்ட் பானம் இரவுக்குப் பரவாயில்லை, ஆனால் சர்க்கரை ஏற்கெனவே அதில் இருக்கிறது, மேலே போட வேண்டாம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

சுக்கு மல்லி காபி இரவில் குடிக்கலாமா?

தாராளமாக. கொத்தமல்லி விதையும் சுக்கும்தான் அதில் பிரதானம், காபிக் கொட்டை கிடையாது. ஆனால் கேரளத்துச் சுக்குக் காப்பியில் காபித் தூளும் சேர்ப்பது வழக்கம். கடையில் வாங்கும் பொடியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் செய்ய: 100 கிராம் தனியாவை மணம் வரும்வரை சிறு தீயில் வறுத்து, 20 கிராம் சுக்கு, 5 ஏலக்காய், ஒரு டீஸ்பூன் மிளகு சேர்த்துப் பொடியுங்கள். பகலுக்குப் போடுவதில் சுக்கையும் மிளகையும் கூட்டிக்கொள்ளலாம். இரவுக்குத் தனியா தூக்கலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நெஞ்சு எரியும். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சீவிவிட்டு, அம்மியிலோ உரலிலோ தட்டி உடைத்த பிறகே மிக்ஸியில் போடுங்கள். முழுதாகப் போட்டால் பிளேடு உடையும். 200 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடியைப் போட்டு, 150 மி.லி. ஆகும்வரை வற்றவிட்டு, இறக்கி மூடி இரண்டு நிமிடம் தெளியவிட்டு வடிகட்டுங்கள். இனிப்புக்குக் கருப்பட்டி.

வயிறு உப்புசத்துக்குச் சீரகமா, சோம்பா, ஓமமா?

சாப்பாடு கனமாகிவிட்டது, வாயு என்றால் ஓமம். சும்மா மந்தமாக இருக்கிறது என்றால் சீரகம். ஏப்பம், வாய்க் கசப்பு என்றால் சோம்பு. இது கண்டிப்பான பிரிவு அல்ல, பழக்கத்தில் கைகொடுப்பது.

சீரகமும் சோம்பும் ஒரு டீஸ்பூன், ஓமம் அரை டீஸ்பூன் போதும். வெறுமனே போட்டுக் கொதிக்க வைப்பதைவிட, உரலில் லேசாக ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் மணம் நன்றாக இறங்கும். சோம்பையும் சீரகத்தையும் நீண்ட நேரம் கொதிக்க வைக்க வேண்டாம், எண்ணெய் ஆவியோடு போய்விடும். கொதித்த நீரை ஊற்றித் தட்டால் மூடி ஏழெட்டு நிமிடம் வையுங்கள். ஓமம் காரம் என்பதால், குடல் புண்ணும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்கள் தவிர்ப்பார்களாக.

கெமோமில் தேநீர் என்பது நம் ஊர்ச் சாமந்தியா? பூக்கடையில் வாங்கிப் போடலாமா?

கூடாது. கெமோமில் என்பது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் சிறு வெள்ளைப் பூ. நடுவில் மஞ்சள் மேடு, சுற்றிலும் வெள்ளை இதழ், ஆப்பிள் போன்ற வாசனை. நம் ஊரில் மாலை கட்டும் சாமந்தி அதே சூரியகாந்திக் குடும்பம் என்றாலும் வேறு செடி. அதைவிட முக்கியமானது, மாலைக்கு வளர்க்கும் பூவுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, உணவுப் பயிருக்கான வரம்பைப் பார்த்து அடிப்பதல்ல. குடிப்பதற்கென்று விற்கும் உலர்ந்த பூவையே வாங்குங்கள்.

வாங்கும்போது டப்பாவைத் திறந்து பாருங்கள். முழுப் பூக்களாக, மஞ்சள் மேடு உதிராமல் இருந்தால் நல்லது. அடியில் பொடிப்பொடியாக நின்றால் பழையது. ஒன்றரை டேபிள்ஸ்பூன் பூ, அதாவது இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூட, கொதித்து இறக்கிய 180 மி.லி. தண்ணீரில் போட்டு எட்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகச் சேரும் நீரையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள், வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் கசக்கும். தேநீர்ப் பை என்றால் ஒன்றில் ஒரு கிராம் முதல் ஒன்றரை கிராம்தான் இருக்கும். சுவை தண்ணியாக இருக்கிறது என்பவர்கள் இரண்டு பை போடுங்கள், நேரத்தைக் கூட்ட வேண்டாம்.

சாமந்தி, செவ்வந்தி, பார்த்தீனியம் பட்டால் தும்மலோ அரிப்போ வருகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

செம்பருத்தி, ஆவாரம்பூ, துளசி, எலுமிச்சைப் புல்?

எலுமிச்சைப் புல் இரவுக்கு இதமானது. இரண்டு தாளை நறுக்கி, நுனியைத் தட்டி, ஐந்து நிமிடம் ஊற வைத்தால் போதும். துளசி நான்கைந்து இலை போடலாம். செம்பருத்தித் தேநீர் புளிப்பு, நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஆகாது. இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் தன்மையும் அதற்கு இருப்பதால் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்கவும். சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆவாரம்பூவைத் தினப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை இறங்கலாம்.

அமுக்கரா, அதிமதுரம், வலேரியன் சேர்ந்த பொடிகள்?

மூன்றையும் பானம் என்று எண்ணாமல் மருந்தாக நினையுங்கள். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். பி.பி., இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும் தினமும் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் தொண்டைக்காக ஒரு சிறு குச்சியை இரண்டு மூன்று நாள் கொதிக்க வைத்துக் குடிப்பதில் பயமில்லை.

அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் நோயாளிகள் தாங்களாகத் தொடங்க வேண்டாம். வலேரியன் என்ற மூலிகை வேர் தூக்கக் கலக்கம் தரக்கூடியது, தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்க்கக் கூடாது.

பால் குடித்தால் வயிற்றைப் புரட்டுகிறது. வேறு என்ன வழி?

பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் இருக்கலாம். குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் வயிறு இரைந்து, உப்பி, பேதியாகிறதா என்று பாருங்கள். 50 மி.லி.யில் தொடங்கி, உணவோடு சேர்த்துக் குடித்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். லாக்டோஸ் நீக்கிய பாலும் கிடைக்கிறது, அது இனிப்பாக இருப்பது இயல்பே, சர்க்கரை சேர்த்தது அல்ல.

வீட்டிலேயே செய்வதென்றால் பாதாம் பால். பத்து பாதாமை எட்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, 150 மி.லி. வெந்நீரில் கலந்து துணியில் வடிகட்டலாம். இதைக் கொதிக்க விடாதீர்கள், பிரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். தேங்காய்ப் பால் ருசியாக இருக்கும், ஆனால் கொழுப்பு அதிகம். மூன்றாம் பாலாக எடுத்தது இரவுக்குச் சரி.

சர்க்கரை நோயாளிகள் இரவில் பால் குடிக்கலாமா?

இனிப்பில்லாமல் 150 மி.லி. பெரும்பாலும் குடிக்கலாம். அதிலேயே 7 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. பனங்கற்கண்டும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரை அளவை உயர்த்தத்தான் செய்யும், ‘நாட்டுச் சர்க்கரைதானே’ என்று விதிவிலக்கு கிடையாது. ஏலக்காய், பட்டை சேர்த்தால் இனிப்பு இல்லாத குறை தெரியாது. இரவு இன்சுலின் போடுபவர்கள் வழக்கமாகக் குடிக்கும் பாலைத் திடீரென நிறுத்தக் கூடாது, நள்ளிரவில் தாழ்சர்க்கரை வரலாம். மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொண்டு நிறுத்துங்கள்.

இரவு மாத்திரையைப் பாலோடு போடலாமா?

தண்ணீரோடு போடுவதே நல்லது. இரும்புச் சத்து மாத்திரையைப் பாலும் டீயும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் பாலில் உள்ள கால்சியத்தோடு பிணைந்து வீணாகும், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையைப் படுக்கும் முன் போடச் சொல்லியிருந்தால், அன்றைய பாலை நான்கு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்?

கர்ப்பிணிகளுக்கு வெறும் பால், பாதாம் பால், லேசான சீரகத் தண்ணீர் போதும். ஜாதிக்காய், அதிமதுரம், அமுக்கரா, கசகசா, தினமும் கெமோமில் எல்லாம் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்யாது, சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கும். ஒரு வயதுக்கு மேல் உள்ள குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும். குடித்து முடித்து வாயைத் துடைத்த பிறகு படுக்க வையுங்கள்.

ஒரு பெக் மது தூக்கத்துக்கு நல்லதா?

இல்லை. சீக்கிரம் கண் சொருகும், ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகும். குறட்டையும் மூச்சு நின்று போவதும் அதிகமாகும்.

எத்தனை நாள் குடித்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போவது?

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல் அது மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால், பானத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தை சிகிச்சைதான் அதற்கு முதல் மருந்து. பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் வண்டி ஓட்டும்போது கண் மூடுதல் இவற்றில் ஒன்று இருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாலையிலேயே செய்து ஃப்ளாஸ்க்கில் வைக்கலாமா?

சீரகத் தண்ணீரும் சுக்கு மல்லியும் வைக்கலாம். பாலில் கவனம் வேண்டும். காய்ச்சினாலும் சாகாத கிருமி வித்துகள் பாலில் உண்டு, அவை வெதுவெதுப்பில்தான் பெருகும். பொங்கிய பாலை, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஃப்ளாஸ்க்கில் உடனே நிரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். அதற்கு மேல் ஆகும் என்றால் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, குடிக்கும்போது மறுபடி பொங்கவிடுவது பாதுகாப்பு. மஞ்சளும் மிளகும் அப்போதுதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்து வைத்த பாலில் வாசனை மட்டுமல்ல, காரமும் மாறிவிடும். ஃப்ளாஸ்க்கின் ரப்பர் வளையத்தில் பால் ஏடு ஒட்டிப் புளித்த வாடை வீசும். வாரம் ஒருமுறை அதைக் கழற்றி, பேக்கிங் சோடா கரைத்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள்.